நாலாம் கண்ணாடியின் மஞ்சள்

கல்லடி
4 யூன் 2025

மருமகள் யசோதினிக்கு,

நான் சுகமாக இல்லை. நீ ஜெர்மனியில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் சுகக்கேடாக இருக்கிறது.

உன்னை வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டேன். ஆனால் சண்டை என்று ஒன்று வந்துவிட்டால் அதை நடத்தவும் ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் கடைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் இந்த மின்னஞ்சலை அடிக்கிறேன்.

நேற்று இராசாத்தி மீன் கொண்டுவந்தாள். கூடையை இறக்கும்போதே கேட்டாள்: "செட்டிபாளையத்தில வேலன் மாஸ்டர் வீட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டி வந்திரிக்காம். உங்கட மருமகள் செய்த வெயில் கண்ணாடியாம். உங்களுக்கு வரல்லையா?"

என் கையிலிருந்த ஓரா மீன் ஏற்கெனவே செத்ததுதான். அந்தக் கேள்வியில் இரண்டாந் தரமும் செத்தது.

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சோலர் பனல் ஏற்றியவன் யார்? நான் ஏறாத கூரை இந்தப் பக்கத்தில் கோயில் கோபுரம் ஒன்றுதான். அதையும் விட்டுவைத்தது பக்தியால் இல்லை, சாய்வு சரியில்லை என்பதால். வேலன் யார்? பல்ப் எரியாவிட்டால் ஆளுக்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற கணக்கு மாஸ்டர். உன் தகப்பனின் தம்பி, நல்ல மனிதர், ஊரில் ஒருவரும் அவரைப்பற்றி ஒரு குறை சொன்னதில்லை. அதில்தான் எனக்கு முக்கால்வாசி எரிச்சல்.

நம்முடைய பக்கத்தில் குடி தாய் வழியாக வருவது. நீயும் நானும் ஒரே குடி. வேலன் வேறு குடி. கோயிலில் வெற்றிலை வாங்கக்கூட அவர் வேறு வரிசையில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவருடைய கூரையில் எங்கள் குடிப்பிள்ளையின் கண்ணாடி வெயில் காய்கிறது. உலகம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா சுற்றுகிறது.

காரணம் எழுது.

வாவிக்கரைக் கூரைகளின் அதிபதி,
உனக்கு இருக்கிற ஒரே தாய்மாமன்,
அருமைநாயகம்

*

6 யூன் 2025

மாமா,

ஆய்வுகூடத்தில் இருந்து எழுதுகிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைத் தடுத்த நிலையிலேயே வைத்திருங்கள்.

பெட்டியில் வந்தது ஆறு கண்ணாடித் துண்டு. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. உள்ளே, ஒரு தலைமயிரை இருநூறாகப் பிளந்தால் வரும் தடிப்பில் ஒரு கரும்படலம் இருக்கிறது. பெரொவ்ஸ்கைட் என்று பெயர். நீங்கள் ஏற்றுகிற பனல் எல்லாம் சிலிக்கன். இது வேறு சாதி. நல்ல மின்சாரம் வேண்டும் என்று பெரும்பாலும் இதில் ஈயம் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பனல் ஒன்று புயலில் உடைந்து வாவிக்குள் விழுந்தால் இறால் தின்னும், இறாலை நாங்கள் தின்போம். நான் ஈயத்தை எடுத்துவிட்டு வெள்ளீயம் சேர்க்கிறேன்.

வெள்ளீயத்தின் குறை ஒன்றுதான். காற்றுப் பட்டால் குணம் மாறிவிடும். கறுப்பு மங்கி மஞ்சளாகும். மாறினால் மாறினதுதான், திரும்பி வராது. அதனால்தான் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, ஓரத்தை ரப்பர்ப் பிசினால் அடைத்திருக்கிறேன். வாவியின் உப்புக்காற்றிலும் கச்சான் காற்றின் வெக்கையிலும் தொண்ணூறு நாள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து துண்டு மற்றவர்கள் முன்பு செய்து பார்த்த கலவைகள். நாலாம் இலக்கம் மட்டும் என்னுடையது. என் ஆய்வு முழுவதும் அந்த நாலில்தான் நிற்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்சார அளவு இணையம் வழியாக இங்கே வந்து விழும்.

எங்கள் பேராசிரியரிடம் செப்டெம்பருக்குப் பிறகு ஓர் ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. ஒன்று நான், அல்லது லூக்காஸ். அவன் ஈயத்தில் செய்கிறான். அவனுடைய கண்ணாடி விழும் வெயிலில் நூற்றுக்கு இருபத்துநாலை மின்சாரமாக்குகிறது, என்னுடையது பதின்மூன்று. நல்ல பொடியன் மாமா. வெள்ளிக்கிழமைகளில் கேக் செய்துகொண்டு வருவான். அந்தக் கேக்கை நான் வாங்கித் தின்னும்போதும், இவன் இதையும் என்னைவிட நன்றாகச் செய்கிறானே என்றுதான் நினைப்பேன்.

ஏன் சித்தப்பா? ஏனென்றால் அவர் எதையும் திருத்த மாட்டார். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நான் செய்த வெயில் அடுப்பை, பிரதம விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, லொறிக் கண்ணாடி இரண்டைப் பூட்டித் திருத்தியது யார்? திறப்புவிழா ரிபன் எரிந்ததை நான் மறக்கவில்லை.

யசோ

*

கல்லடி
25 யூன் 2025

யசோ மகள்,

ரிபன் எரிந்ததைப் பிடித்துக்கொண்டாய். அந்த அடுப்பு வேலை செய்தது என்பதை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

போகட்டும். நேற்றுத் தற்செயலாகச் செட்டிபாளையம் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தேடிக்கொண்டேன். அப்படியே உன் சித்தப்பாவின் மாடிக்கும் ஏறினேன்.

கண்ணாடிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார். ஒரு கொப்பி, ஒரு பேனா, கைக்கு வெள்ளை உறை. பிரசவ அறைக்குள் போன மாதிரி இருந்தது. நான் கொஞ்சம் குனிந்தேன்.

"தொடாதீங்க மச்சான்."

"தொடல்ல. பாக்கிறன்."

"மூச்சுப் படுது."

"என்ட மூச்சில நஞ்சா இரிக்கு?"

"ஈரம் இரிக்கு. மகள் சொன்னவ, ஈரம் ஆகாதெண்டு."

மகள் என்றார். தமையனின் பிள்ளை, முறை சரிதான். ஆனால் அந்த ஆள் அதைச் சொன்ன விதத்தில், நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது நான் இல்லை, அவர்தான் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உன் நாலாம் கண்ணாடியைப் பார்த்தேன். கறுப்பென்றால் அதுதான் கறுப்பு. அமாவாசை வந்து அதனிடம் கடன் கேட்க வேண்டும். மற்ற ஐந்தும் அதற்குப் பக்கத்தில் வெளுத்துப்போன சப்பாத்து மாதிரி இருக்கின்றன.

ஊரில் அவருக்கு இப்போது தனி மரியாதை. கோயிலடியில் நிற்கிறவர்கள், "மாஸ்டர், இன்றைக்கு வெயில் எப்படி?" என்று அவரிடம் கேட்கிறார்கள். வெயிலைப்பற்றி, என்னை வைத்துக்கொண்டு, அவரிடம். உன் அம்மா பாலசுந்தரியும் போன கிழமை அங்கே போய்ப் புட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உழவு இயந்திரம் வாங்கினால் பொட்டு வைக்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கு வைக்கிறோம். ஐஸ்பெட்டிக்கு வைக்காத வீடு உண்டா? உன் கண்ணாடிக்கு ஒன்றும் செய்யவில்லை. கேட்டால், "மகள் அப்படி ஒண்டும் சொல்லல்லையே மச்சான்" என்கிறார். சொல்லாததைச் செய்கிறவன்தான் மாமன்.

அந்த லூக்காஸ் இன்றுமுதல் எனக்கும் எதிரி. கேக்கைத் தின்னாதே.

அதிபதி,
அருமைநாயகம்

*

13 யூலை 2025

மாமா,

வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. அம்மா அழுவா. சித்தப்பாவோடு இப்போது பேச முடியவில்லை.

நாலாம் கண்ணாடி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை, உங்கள் நேரம் காலை எட்டு மணிக்குப் பிறகு மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. மெல்லத் தேயவில்லை, படியில் இறங்குவது மாதிரி ஒரே இறக்கம். மற்ற ஐந்தும் அப்படியே இருக்கின்றன. சித்தப்பா பின்னேரம் ஏறி, கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: நடுவில் மஞ்சளாக வந்திருக்கிறது, ஒரு நாணயக்குற்றி அளவு. மஞ்சள் என்றால் என்னவென்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அடைப்பு எங்கேயோ விட்டுவிட்டது. தொட வேண்டாம், கிட்டவும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைதோறும் கண்ணாடிகளைத் துடைக்கிறவர், அதையும் நிறுத்திவிட்டார்.

அவரிடம் சத்தமும் போட்டேன். நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார்.

பேராசிரியர் 25ஆம் திகதிக்குள் தோல்வி அறிக்கை கேட்டிருக்கிறார். லூக்காஸ் வந்து தோளில் தட்டினான். "பரவாயில்லை, நாற்பது நாள் பெரிய விஷயம்" என்றான். அவன் உண்மையாகவே கவலைப்பட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யசோ

*

கல்லடி
14 யூலை 2025

யசோ மகள்,

உன் கடிதத்தை வாசித்தேன். கச்சான் காற்று இந்த வருடம் கடுமை. போன கிழமை அடித்த அடியில் வாவியே ஒரு முழம் கிழக்கே நகர்ந்துவிட்டது. கண்ணாடி எம்மாத்திரம்.

காகமாகவும் இருக்கலாம். செட்டிபாளையத்துக் காகங்கள் மீன் தின்று கொழுத்தவை, அவை எச்சமிட்டால் ஓடு உடையும். வேலனுக்கு ஒரு பூனையும் இருக்கிறது. அல்லது வேலனே ஏதாவது செய்திருப்பார். அமைதியான ஆட்கள் என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அந்த மஞ்சள் சரியாக நடுவிலா, கொஞ்சம் இடப்பக்கமா? சும்மா கேட்கிறேன்.

தோல்வி அறிக்கையை உடனே எழுதிவிடாதே. இரண்டு நாள் பொறு. பொருட்கள் சிலவேளை தானாகவே சரியாகும். என் கடையில் பழைய இன்வேர்ட்டர் ஒன்று மூன்று வருடம் செத்துக்கிடந்து, ஒரு தைப்பொங்கலன்று தானாக எழும்பியது.

மாமா

*

17 யூலை 2025

மாமா,

நாலாம் கண்ணாடி திரும்பி வந்துவிட்டது. நேற்று, உங்கள் நேரம் 9.40க்கு, விழுந்த அளவு அத்தனையும் ஒரே ஏற்றமாக ஏறிவிட்டது. சித்தப்பா போய்ப் பார்த்தார். மஞ்சள் இல்லையாம்.

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். இங்கே ஒருவரும் படவில்லை. மாறிய வெள்ளீயம் திரும்பி வராது, மாமா. அப்படி வராது என்று நானே மூன்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "உன் குடும்பத்தில் யாரோ துண்டை மாற்றிவிட்டார்களா? அல்லது அளவுகளில் நீ கை வைத்தாயா?" நான் அறிக்கை எழுதத் தயங்கியதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் தயங்கினேன்.

கண்ணாடி செத்திருந்தால் நான் தோற்றவள் மட்டும்தான். இப்போது கள்ளி.

நீங்கள் இடப்பக்கமா என்று கேட்டீர்கள். ஏன் கேட்டீர்கள்?

யசோதினி

*

கல்லடி
18 யூலை 2025

யசோதினி,

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

யூலை 11, வெள்ளிக்கிழமை, காலை 8.10. வேலன் கோயிலுக்குப் போகும்வரை ஒழுங்கை முனையில் நின்றேன். போனதும் மாடிக்கு ஏறினேன். நாலாம் கண்ணாடியின் நடுவில், வலக்கை மோதிர விரலால், ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். ஓரத்தில் வைக்கத்தான் நினைத்துப் போனேன். ஓரத்தில் வைப்பதற்கு நான் என்ன தூரத்துச் சொந்தமா என்று தோன்றியது. நடுவில் வைத்தேன்.

நீ செய்ததுக்கு முதல் பொட்டு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேலன் தெரியாமலே ஒவ்வொரு நாளும் என் பொட்டுக்குக் காவல் இருப்பார் என்று நினைக்க இனிப்பாக இருந்தது. திரும்பி வரும்போது வழி முழுக்கச் சிரித்தேன்.

பனலில் நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும் என்று வீடு வீடாகச் சொல்கிறவன் நான். அதற்காக எத்தனை பேரின் முருங்கையை வெட்ட வைத்திருக்கிறேன். என் விரல் நுனிச் சந்தனமும் நிழல்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் என்று நீ எழுதியதை வாசித்ததும் விளங்கிவிட்டது. 14ஆம் திகதி நான் எழுதியது முழுவதும் பொய். 16ஆம் திகதி வேலன் சந்தைக்குப் போன நேரம் ஏறி, ஈரத் துண்டால் துடைத்தேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டவில்லை. அப்போது 9.40 இருக்கும். கண்ணாடி மாற்றப்படவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை, வேலனும் ஒன்றும் செய்யவில்லை.

இதை உன் பேராசிரியருக்குக் காட்டு.

அருமைநாயகம்

*

19 யூலை 2025

மாமா,

மூன்று தரம் வாசித்தேன்.

நீங்கள் பொட்டு வைத்ததை நான் ஒருநாள் மன்னிப்பேன். அதற்குப் பிறகு, நான் அழுது எழுதிய கடிதத்துக்குக் காகத்தையும் பூனையையும் பதிலாக அனுப்பினீர்கள். சித்தப்பா செய்யாத ஒன்றுக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவரையே நான் சந்தேகப்படும்படி நீங்கள் அந்தக் கடிதத்தில் எழுதினீர்கள். அதைப்பற்றி இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பேராசிரியர் முழுவதும் வாசித்துவிட்டு, "மாமன்மார் கடிதத்தில் எதையும் எழுதுவார்கள், கண்ணாடி அப்படி எழுதாது. திரும்பச் செய்து காட்டச் சொல்" என்றார்.

அதனால் கேளுங்கள். 23ஆம் திகதி புதன்கிழமை, அதே 8.10க்கு, அதே கண்ணாடியில், அதே சந்தனத்தால், அதே விரலால் நீங்கள் பொட்டு வைக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் இருக்கட்டும். பிறகு துடையுங்கள். சித்தப்பா மணிக்கூட்டோடு பக்கத்தில் நின்று கொப்பியில் எழுத வேண்டும். விழும் அளவும் ஏறும் அளவும் முன்னையதோடு பொருந்தினால் நான் கள்ளி இல்லை.

சித்தப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

யசோதினி

*

கல்லடி
23 யூலை 2025

யசோதினி,

செய்தாகிவிட்டது.

நேற்றுப் பின்னேரம் போய் வேலனிடம் சொன்னேன். கேற்றடியிலிருந்து அவருடைய கதிரைக்குப் பதினாறு அடி. அவ்வளவு தூரம் நான் வாழ்க்கையில் நடந்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டும் அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு ஏசிவிட்டுத் தப்பியிருப்பேன்.

பிறகு, "நான் மகளிட்ட மன்னிப்புக் கேட்டன் மச்சான்" என்றார்.

"ஓம்."

"அது என்ட மன்னிப்பில்ல. உங்கட. திருப்பி எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். பாரமாகத்தான் இருந்தது.

இன்று காலை மாடியில் இரண்டு பேரும் நின்றோம். அவர் கையில் மணிக்கூடு, கொப்பி, போதாததற்கு ஓர் அடிமட்டம். நான் சந்தனத்தைக் குழைத்தேன்.

"கூடப் போச்சு மச்சான்."

"அண்டைக்கும் இவ்வளவுதான்."

"அளந்தீங்களா?"

"விரல் அளந்திச்சு."

"விரல நீட்டுங்க." நீட்டினேன். நுனியை அளந்து எழுதிக்கொண்டார். பதினெட்டு மில்லிமீற்றர். என் விரலை இதுவரை ஒருவரும் அளந்ததில்லை.

8.10க்கு வைத்தேன். இரண்டு மணி நேரம் காவல் நின்றோம். வெயில் ஏறியது. அவர் எனக்கும் ஒரு தொப்பி கொண்டுவந்து தந்தார். அதை வாங்கிப் போட்டுக்கொண்டேன், உலகத்தில் எந்தக் கிரீடமும் அப்படிக் குத்தியிருக்காது. 10.10க்குத் துடைத்தேன்.

என்ன வந்தது என்று உன் பக்கத்தில்தான் தெரியும். எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாமா

*

9 செப்டெம்பர் 2025

மாமா,

இடையில் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். அது பாதி.

அன்றைக்கு விழுந்ததும் ஏறியதும் முன்னையதோடு பொருந்தின. வரைபை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம், ஒரே கோடுதான். பேராசிரியர் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன். தொண்ணூறு நாளும் முடிந்துவிட்டது. மற்ற ஐந்தில் மூன்று உண்மையாகவே மங்கிவிட்டன. நாலாம் இலக்கம் தொடக்கத்தில் தந்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றை இன்னும் தருகிறது. இடம் எனக்குத்தான். இன்னும் இரண்டு வருடம்.

லூக்காஸ் வேறு நகரத்துக்குப் போகிறான். போவதற்கு முன், அவனுடைய ஈயக் கண்ணாடிகளையும் அந்த மாடியில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். வாவிக்கரைக்கு ஈயம் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அதைச் சொல்லுமுன் எனக்குள் எழும்பியது வேறு: அது என் மாடி, அங்கே அவனுக்கென்ன வேலை. உங்கள் குடிதான் நான் என்று அப்போது நன்றாக விளங்கியது.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயர் இருக்கிறது. நீங்கள் பின்னிணைப்பில் இருக்கிறீர்கள். உங்கள் 18ஆம் திகதிக் கடிதம் முழுவதும்.

அடுத்த தொகுதியில் பன்னிரண்டு கண்ணாடி வரும். நிறைய யோசித்தேன். ஆறை உங்கள் கடைக் கூரையில் வைக்கலாமா?

யசோ

*

கல்லடி
10 செப்டெம்பர் 2025

யசோ மகள்,

உன் கடைசி வரியை வாசித்ததும் கடையைப் பூட்டிவிட்டுப் பாலத்தடிக்குப் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் மூன்று யுகம் என்பேன். நீ அளந்து பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன், இருபது நிமிடம்.

வேண்டாம். பன்னிரண்டையும் வேலனுக்கே அனுப்பு.

என் கூரையில் வைத்தால் முதல் நாள் பார்ப்பேன். இரண்டாம் நாள் பார்ப்பேன். மூன்றாம் நாள் சாய்வு ஒரு பாகை பிழை என்று தோன்றும். நாலாம் நாள் என் கையில் ஸ்பானர் இருக்கும். நான் நல்லெண்ணத்தோடுதான் ஏறுவேன், போன தரமும் அப்படித்தான் ஏறினேன். வேலன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பார். உன் கறுப்புக்கு அந்த ஆள்தான் சரி.

எனக்கு எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நேற்று அவர் அந்த நன்றிப் பக்கத்தை அச்செடுத்து, உறைபோட்டு, கோயிலடியில் நாலு பேருக்குக் காட்டினார். எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை, இராத்திரியும் இறங்கவில்லை. பன்னிரண்டும் அங்கே போனால் எப்படியும் இரண்டு வருடத்துக்கு எனக்குச் சோறு இறங்காது. இறங்காமல் கிடக்கட்டும். உன் வேலை கெடக்கூடாது.

இந்தக் கடிதத்தை மட்டும் அவருக்குக் காட்டாதே. அவர் நல்ல மனிதர். என்மேல் இரக்கப்பட்டு இரண்டு கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிடுவார். நான் வாங்கிவிடுவேன்.

மாமா